வாரத்துக்கு விட்ட கோழி

1

காலை ஐந்து நாற்பது. சென்னை விமான நிலையத்திலிருந்து இரவெல்லாம் ஓடிய கார், காட்டுமன்னார்கோயிலில் என் அக்கா வீட்டு வாசலில் நின்றது. என் மகள் கயல் செருப்புகூடப் போடாமல் இறங்கி, பக்கத்துச் சந்து வழியாகக் கொல்லைக்கு ஓடினாள். பெட்டிகளை இறக்கி வைத்துவிட்டு நானும் பின்னால் போனேன்.

கொல்லையில் குழல்விளக்கு எரிந்தது. அதற்குக் கீழே மாமா, அதாவது அக்காவின் கணவர் கலியமூர்த்தி, வைக்கோல் நெருப்பில் மஞ்சள் பூசிய கோழி ஒன்றைத் திருப்பித் திருப்பி வாட்டிக்கொண்டிருந்தார். துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் ஈர இறகுகள் குவிந்து கிடந்தன. நீளமான வால் இறகுகள் பிஸ்கட் நிறத்தில் இருந்தன.

கயல் இறகுகளைப் பார்த்தாள். பிறகு மாமாவின் கையில் இருந்ததைப் பார்த்தாள்.

"வா கண்ணு. உன் சேவல்தான். ரெண்டரைக் கிலோ வந்துச்சி" என்றார் மாமா. சொல்லும்போது அவர் முகத்தில் பெருமை இருந்தது.

அந்தச் சேவலுக்குப் பெயர் பிஸ்கட். பெயர் வைத்தவள் கயல்.

2

வாரத்துக்கு விடுவது என்றால் என்ன என்று காட்டுமன்னார்கோயில் பக்கத்தில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. நான் கடலூர் மஞ்சக்குப்பத்தில் வளர்ந்தவன். அக்கா கல்யாணமாகி அந்த ஊருக்குப் போன பிறகுதான் எனக்கே தெரிந்தது. ஒருவர் பெட்டைக் கோழியைக் கொடுப்பார். இன்னொருவர் வளர்ப்பார். பொரிக்கிற குஞ்சுகளில் ஆளுக்குப் பாதி. தாய்க்கோழி கொடுத்தவருக்கே சொந்தம். எழுத்தும் கிடையாது, சாட்சியும் கிடையாது.

அதற்கு முந்தைய விடுமுறையில், கயலுக்கு ஒன்பது வயதாக இருந்தபோது, சொந்தக்காரர்கள் கையில் திணித்த காசைச் சேர்த்து வைத்துச் சந்தையில் ஒரு கறுப்புப் பெட்டையை வாங்கினாள். கருப்பி என்று பெயர் வைத்தாள். ஊருக்குக் கிளம்பும் நாளில்தான் கருப்பி விமானம் ஏற முடியாது என்பது அவளுக்கு உறைத்தது. அழுகையை நிறுத்த அக்கா சொன்னாள்: "என்கிட்ட வாரத்துக்கு உட்டுட்டுப் போடி. கோழி உன்னுது. குஞ்சு ஆளுக்குப் பாதி."

அக்கா விளையாட்டாகச் சொன்னாள். கயல் அதை ஒப்பந்தமாக எடுத்துக்கொண்டாள்.

நாங்கள் இருப்பது நியூசிலாந்தில், ஹாமில்டன் என்ற ஊரில். மனைவி மருத்துவமனையில் நர்ஸ். கடலூரில் ஒரு நாளிதழில் உதவி ஆசிரியராக இருந்த நான் இங்கே ஒரு கிடங்கில் வேலை பார்க்கிறேன். வீட்டில் நாங்கள் தமிழில் கேட்போம். கயல் ஆங்கிலத்தில் பதில் சொல்வாள். நாலு வயது வரை அப்படி இல்லை. பள்ளிக்குப் போன முதல் ஆண்டிலேயே மாறிவிட்டது. எந்த மாதம் என்று எங்களால் சொல்ல முடியவில்லை.

இதற்கு விலக்கு ஞாயிற்றுக்கிழமை மட்டும். அன்று மாலை அத்தைக்கு வீடியோ அழைப்பு. அத்தைக்கு ஆங்கிலம் வராது; கோழிச் சேதியோ வேண்டும். ஆகவே கயல் தமிழ் பேசினாள். பாடம் சொல்லிக்கொடுக்க நாங்கள் செய்த முயற்சியெல்லாம் செய்யாததைக் கருப்பி செய்தது. அவள் பேசும் தமிழ் அப்படியே அக்காவின் தமிழ்: "என்னாத்த", "ஜாஸ்தி", "வந்துக்கினு". பின்னணியில் எங்கள் புல்வெளியும் மரவேலியும் தெரியும். அதைப் பார்த்து அக்கா ஒருமுறை கேட்டாள்: "அவ்ளோ எடம் இருக்குதே, ஏன்டா ஒரு ஜீவன்கூட நடமாடல?"

கருப்பியின் முதல் ஈட்டுக் குஞ்சுகளில் கயலின் பங்குக்கு வந்ததுதான் பிஸ்கட். ஒவ்வொரு ஞாயிறும் கயல் கேட்கும் முதல் கேள்வி: "பிஸ்கட் எவ்ளோ வெயிட் அத்தை?"

அதற்குக் காரணம் உண்டு. அவள் பள்ளியில் ஆண்டுக்கொருமுறை பிள்ளைகள் தாங்கள் வளர்த்த ஆட்டுக்குட்டியையும் கன்றையும் கொண்டுவந்து காட்டுவார்கள். எடை நன்றாகக் கூடியிருந்தால் நன்றாக வளர்த்தாய் என்று பாராட்டு. கயலிடம் ஆட்டுக்குட்டி இல்லை. காட்டுமன்னார்கோயிலில் ஒரு சேவல் இருந்தது.

அக்காவுக்கும் காரணம் உண்டு. நம் ஊரில் சேவலின் எடையை விசாரிப்பவர்கள் இரண்டே வகை. ஒன்று வியாபாரி, மற்றது விருந்தாளி. தீபாவளிக்கு வியாபாரி நல்ல விலைக்குக் கேட்டபோது அக்கா கொடுக்கவில்லை. மாமா வேலை பார்க்கும் அரிசி ஆலையிலிருந்து கொண்டுவந்த குருணையை அதற்குத் தனியாக வைத்தாள். நாங்கள் இறங்கியது மார்கழி பிறப்பதற்கு முந்தைய ஞாயிறு. மார்கழி பிறந்துவிட்டால் பொங்கல் முடியும் வரை அந்த வீட்டில் கறி கிடையாது. ஆகவே, பிள்ளை எடை கேட்டுக் கேட்டுக் காத்திருந்த சேவலை அதன் சொந்தக்காரிக்கே ஆக்கிப் போட அக்காவுக்கு இருந்தது அந்த ஒரு காலைதான்.

இருவர் பக்கமும் கேட்டு எழுதியிருக்கிறேன். இதில் தவறு யாருடையது என்று என்னால் தலைப்பு போட முடியவில்லை.

3

கயல் கத்தவில்லை. ஒரு வால் இறகை எடுத்துக் கல்லில் துடைத்துப் பையில் வைத்துக்கொண்டு உள்ளே வந்து படுத்தாள். குழம்பு மணத்தபோதும் எழுந்திருக்கவில்லை. மத்தியானம் அவளுக்குத் தயிர்ச்சோறு. நானும் தயிர்ச்சோறே போதும் என்றேன். அக்கா தனக்கு இலையே போடவில்லை.

"ஆளாளுக்கு இப்பிடி இருந்தா நான் மட்டும் என்னா பாவம் பண்ணேன்?" என்றார் மாமா. அவர் ஒருவர்தான் சாப்பிட்டார். மிச்சத்தைத் தூக்குவாளியில் ஊற்றி ஆலைக்குக் கொண்டுபோனார்.

அன்று முதல் கயல் அத்தையிடம் பேசவில்லை. என்னிடம் பேசியது ஆங்கிலத்தில். அக்கா அறைக்குள் வந்தால் வெளியே போனாள். அக்கா மன்னிப்புக் கேட்கவில்லை. அவளைப் பொறுத்தவரை அவள் செய்தது மரியாதை. கழுத்தை நீட்டி மாலையை எதிர்பார்த்துவிட்டு அறை வாங்கியவள்போல இருந்தாள்.

"நான் என்னாத்த பண்ணிப்புட்டேன்? யாரோ வூட்டுக் கோழியா? அவ கோழிய அவளுக்குத்தான ஆக்கினேன்" என்று வாசல் தெளிக்கும்போது தனக்குத்தானே சொன்னாள்.

எங்களோடு வராமல் ஹாமில்டனில் இருந்த மனைவியிடம் தொலைபேசியில் சொன்னேன். "ஞாயித்துக்கெழமை போன் இனிமே போச்சுன்னு வச்சுக்கோங்க" என்றாள்.

என் பயமும் அதுதான். அக்காவுக்குப் பிள்ளை இல்லை. மருத்துவம், பரிகாரம் எல்லாம் முடிந்துபோன கதை. அந்த வீட்டில் ஞாயிறு காலை எட்டரைக்கு அழைப்பு வரும் என்று ஏழு மணிக்கே தலை வாரிப் புடவை மாற்றி உட்கார்ந்திருப்பாள் என்று மாமா ஒருமுறை சொல்லியிருக்கிறார். கயலுக்கோ, தமிழில் பேச உலகத்தில் இருந்த ஒரே ஆள் அத்தை. அந்த ஒரு கயிறு அறுந்தால் இரண்டு பக்கமும் விழும்.

4

அப்பா இறந்த பிறகு வாங்க வேண்டியிருந்த வாரிசுச் சான்றிதழுக்காக ஒரு நாள் கடலூர் போனேன். மனுவில் என் முகவரி வெளிநாடாக இருந்ததால் ஒரு மேசையிலிருந்து அடுத்த மேசைக்கு அனுப்பினார்கள். அந்த மேசைக்காரர் என் பாஸ்போர்ட்டைப் பார்த்துவிட்டு, "இந்த ஊரா நீங்க?" என்று கேட்டார். மஞ்சக்குப்பத்தில், நான் வேலை பார்த்த அலுவலகத்திலிருந்து கூப்பிடு தூரத்தில் நின்று, ஆமாம் என்றேன். பிறகு வரச் சொன்னார்.

சிதம்பரத்தில் பேருந்து மாறி வீட்டுக்குத் திரும்பியபோது கொல்லையில் சத்தம் கேட்டது. அக்கா கருப்பியை இரண்டு கையாலும் பிடித்துத் தண்ணீர்த் தொட்டியில் முக்கிக்கொண்டிருந்தாள். கயல் அவள் முந்தானையைப் பிடித்து இழுத்தாள்.

"உடு அத்தை. அதுக்குக் குளுருது."

எட்டு நாளில் அத்தையிடம் அவள் பேசிய முதல் வார்த்தை அது.

"அடைக்கு உக்காந்துடுச்சிடி. ரெண்டு முக்கு முக்கினாதான் அடை தெளியும். மார்கழி மழைல குஞ்சு நிக்காது."

"கோழி யாருது?"

அக்கா திரும்பிப் பார்த்தாள். "உன்னுதுதான்."

"அப்ப நான்தான சொல்லணும்?"

கயிற்றுக் கட்டிலில் படுத்திருந்த மாமா எழுந்து உட்கார்ந்தார். "கேட்டுக்க. மொதலாளியம்மா வந்துட்டாங்க."

அக்கா அவரை முறைத்தாள். கருப்பியைக் கீழே விட்டாள். அது சிலிர்த்துத் தண்ணீரை எங்கள் எல்லோர் மேலும் தெளித்துவிட்டு நேராகக் காலிக் கூடைக்குப் போய் உட்கார்ந்தது.

"கோழி அவளுது. அவ வைக்கச் சொன்னா வைக்கவேண்டியதுதான். ஆனா நான் தொடமாட்டேன்" என்றாள் அக்கா. "அவளும் அவ அப்பனும் பாத்துக்கட்டும்."

5

இப்படித்தான் நாற்பத்தாறு வயதில் நான் கோழி வளர்க்க ஆரம்பித்தேன்.

முதல் வேலையாக, அடைக்கு வைப்பதற்காக எடுத்து வைத்திருந்த முட்டைகளைச் சோப்புப் போட்டுக் கழுவினேன். அழுக்காக இருந்தன. குழாயடியில் மாமா வந்து நின்றார்.

"முட்டைய குளிப்பாட்டிட்டீங்களா மச்சான்? பவுடர் போட்டாச்சா?"

கழுவிய முட்டை பொரிக்காது என்று அவர் சொன்னதும், கயல் இணையத்தில் தேடிப் பார்த்துவிட்டு அது உண்மைதான் என்று என்னைப் பார்த்த பார்வையில் இரக்கம் இல்லை. அந்த முட்டைகள் எதிர் வீட்டில் ஆம்லெட் ஆயின. பக்கத்து வீடுகளில் கேட்டு வேறு ஒன்பது வாங்கினோம்.

தொடமாட்டேன் என்ற சொல்லை அக்கா காப்பாற்றினாள். கயலிடம் நேராகப் பேசவும் இல்லை. ஆனால் கருப்பியிடம் பேசினாள்.

"ஏன்டி கருப்பி, அடில மணல் போடாம வெறும் வைக்கோல்ல உக்காந்தா முட்டை உருளாதா?" என்று கேட்டுவிட்டு உள்ளே போவாள். கயல் போய் மணல் அள்ளி வருவாள். "கூடைல ஒரு ஆணி இல்ல, கரித்துண்டு இல்ல, நாளைக்கு இடி இடிச்சா என்னாடி பண்ணுவ?" இடியில் முட்டை கலங்காமலிருக்க இரும்பும் கரியும் காய்ந்த மிளகாயும் போடுவது அங்கே வழக்கம். பலன் உண்டா என்று எனக்குத் தெரியாது. கயல் ஆணி தேடி எடுத்து வைத்தாள். ஆணியும் கரியும் கூடைக்குள் போன பிறகு, ஜன்னல் கட்டையில் ஒரு காய்ந்த மிளகாயும் இருந்தது. அதை வைத்தது யார் என்று யாரும் கேட்கவில்லை.

அடைகாக்கும் கோழியைப் பார்ப்பது நிதானமான வேலை. கருப்பி நாளுக்கு ஒருமுறைதான் இறங்கும். அவசரமாகக் குருணை கொத்தும், தண்ணீர் குடிக்கும், கொய்யா மரத்தடிப் புழுதியில் புரளும், திரும்பிப் போய் அலகால் முட்டைகளைப் புரட்டி உட்காரும். அது இறங்கும் நேரம் தெரிந்து பக்கத்து வீட்டு ஆடு ஒன்று மிச்சக் குருணைக்கு வந்தது. ஆட்டின் முதுகில் ஒரு கரிச்சான் வந்தது. கொய்யாவில் அணில். வீராணம் ஏரிப் பக்கமிருந்து மாலையில் கொக்குகள் வரிசையாகப் போயின. நான் செய்தி எழுதிய காலத்தில் இந்த ஊருக்கு ஏரி நிரம்பும்போதும் உடையுமோ என்று பயப்படும்போதும்தான் வந்திருக்கிறேன். சும்மா உட்கார்ந்து பார்த்தது இல்லை.

மார்கழி பாதியில் மழை பிடித்தது. இரண்டாம் நாள் கொல்லையில் கணுக்கால் அளவு தண்ணீர். கூடை இருந்த கொட்டகைக்குள்ளும் நீர் ஏறியது. கயலும் நானும் கூடையைத் தூக்கிக்கொண்டு எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றோம். மார்கழியில் அக்காவின் கூடத்துக்குள் கோழி நுழைந்ததே கிடையாது. விடியற்காலை பாட்டு, விளக்கு, கோலம் எல்லாம் அங்கேதான்.

அக்கா சாமி படங்களுக்கு எதிர் மூலையில் ஒரு சாக்கை விரித்தாள். "கருப்பி, இங்க வந்து தொலை" என்றாள்.

மூன்று நாள் கருப்பி அந்த மூலையில் இருந்தது. அக்கா விளக்கேற்றும்போது அதுவும் கண்ணைத் திறந்து பார்த்தது.

6

போகியன்று காலை முதல் ஓடு விரிந்தது. மறுநாள் பொங்கல் பானை பொங்குவதற்குள் ஏழு குஞ்சுகள். இரண்டு முட்டை கூமுட்டை. கயல் தட்டாமாலை சுற்றவில்லை, யாரையும் கட்டிப்பிடிக்கவில்லை. கூடைக்கு முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்து, "இது ரெண்டும் பிரதர்ஸ் மாதிரி இருக்குது அத்தை" என்றாள். அக்கா குனிந்து பார்த்து, "ஒண்ணு பொட்டை" என்றாள். அவ்வளவுதான். கருப்பி வழியாகப் பேசுவது அன்றோடு நின்றது.

எங்களுக்கு இன்னும் இரண்டு வாரம்கூட இல்லை. குஞ்சு தாயைப் பிரியும்போதுதான் பங்கு பிரிப்பது வழக்கம். அக்கா இப்போதே பிரித்துவிட வேண்டும் என்றாள். குஞ்சுகளைப் பஞ்சாரத்தால் மூடி, அக்காவும் கயலும் பார்க்காமல் கையை விட்டு மாற்றி மாற்றி எடுத்தார்கள். ஆளுக்கு மூன்று. ஏழாவது மிஞ்சியது.

"வளத்தவளுக்கு" என்றாள் கயல்.

"கோழிக்காரிக்கு" என்றாள் அக்கா.

"ஆலைலேர்ந்து தெனம் குருணை சுமந்தவன் ஒருத்தன் இங்க இருக்கான்" என்றார் மாமா. ஏழாவது அவருக்குப் போயிற்று. கயல் தன் மூன்றின் கால் நகத்திலும் நீல நெயில் பாலிஷ் வைத்தாள்.

"நீலம் என்னுது. தொடக்கூடாது. உன்னுத நீ என்னா வேணாலும் பண்ணிக்க" என்றாள்.

"சாப்புடலாமா?"

கயல் யோசித்தாள். ஹாமில்டனில் அவள் சூப்பர் மார்க்கெட் கோழியை விரும்பிச் சாப்பிடுகிறவள். அது எனக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும். "உன்னுத சாப்புடலாம். எனக்குப் பேர் மட்டும் சொல்லாத."

வெள்ளைக்கழிச்சல் நோய் வந்தால் ஒரு தெருக் கோழி முழுவதும் போய்விடும் என்று மாமா சொன்னார். தடுப்பு மருந்து வாங்க நானும் கயலும் டவுன் பஸ் பிடித்துச் சிதம்பரம் போனோம். கால்நடை மருந்துக் கடைக்காரர் சிறு குப்பி ஒன்றைக் காட்டினார். குளிர் குறையக் கூடாது. கலக்கிய பிறகு சீக்கிரம் போட்டுவிட வேண்டும். ஒரு குப்பி நூறு கோழிக்கு.

"எத்தினி கோழி வச்சிருக்கீங்க?"

"குஞ்சு ஏழு" என்றேன்.

"அதுல மூணுதான் என்னுது" என்றாள் கயல்.

ஜூஸ் கடையில் ஐஸ் கேட்டு வாங்கி, பிளாஸ்கில் போட்டுக் குப்பியை உள்ளே இறக்கினோம். பேருந்தில் பக்கத்தில் உட்கார்ந்த அம்மாள், பிள்ளைக்குக் காய்ச்சலா என்று விசாரித்தார்.

வீட்டில் அக்கா எங்களுக்கு முன்னால் வேலையை ஆரம்பித்திருந்தாள். தெரு முழுக்கச் சொல்லிவிட்டாள். வாசலில் கூடைகள், பஞ்சாரங்கள், கையில் சேவலைப் பிடித்தபடி பெண்கள். மாமா மருந்தைக் கலக்கிக் கொடுத்தார். கயல் ஸ்டூலில் உட்கார்ந்து சொட்டுக் குழாயைப் பிடித்தாள். அக்கா ஒவ்வொன்றாகப் பிடித்து, இறக்கையை மடக்கி, தலையைத் திருப்பிக் காட்டினாள். ஒரு கண்ணுக்கு ஒரு சொட்டு.

"ஆட்டாத அத்தை."

"நான் எங்கடி ஆட்டறேன். உன் கைதான் நடுங்குது."

"அடுத்தது."

"டாக்டரம்மா, எஞ்சேவலுக்குக் கொஞ்சம் ஜாஸ்தி ஊத்து" என்றாள் எதிர் வீட்டுப் பெண்.

"எல்லாருக்கும் ஒரு சொட்டுதான்" என்றாள் கயல். அந்தத் தெருவில் பிறந்தவள்போல இருந்தது அவள் குரல்.

7

ஆக்லாந்து விமான நிலையத்தில், கடந்த முப்பது நாளில் பண்ணைக்குப் போனீர்களா, விலங்குகளைத் தொட்டீர்களா என்று கேட்டார்கள். நான் வாயைத் திறப்பதற்குள் கயல் ஆம் என்றாள். கோழிகள், ஓர் ஆடு, தெருவில் உள்ள எல்லாச் சேவல்களும். உங்களுடைய கோழிகளா என்று அதிகாரி கேட்டார். தாய்க்கோழி முழுவதும், குஞ்சுகளில் பாதிக்குச் சற்றுக் குறைவு என்று ஆங்கிலத்தில் விளக்கினாள். அவர் எங்கள் செருப்புகளை வாங்கிக்கொண்டு போய்க் கழுவி ஈரத்தோடு திருப்பிக் கொடுத்தார். பையிலிருந்த வால் இறகை அவளே எடுத்து நீட்டினாள். அனுமதி இல்லை. அவர் அதை ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டார்.

ஞாயிறு அழைப்பு தொடர்ந்தது. இப்போது எடை பற்றிக் கேள்வி இல்லை. இறகு முளைத்ததா, கருப்பி கொத்துகிறதா என்று கேள்வி. எங்கள் நகராட்சி, வீடுகளில் பெட்டைக் கோழிகள் வளர்க்க அனுமதிக்கிறது, சேவலை அனுமதிப்பதில்லை. வேலி ஓரத்தில் எவ்வளவு இடம் வேண்டும் என்று நானும் கயலும் ஒரு சனிக்கிழமை அளந்து பார்த்தோம். நாங்கள் ஆரம்ப சூரர்கள் என்பதை மனைவி நினைவூட்டினாள்.

பிப்ரவரியில் ஒரு புதன்கிழமை அக்கா அழைத்தாள். எங்களுக்கு மாலை ஏழு மணி. புதன்கிழமையில் அவள் அழைத்ததே இல்லை. திரையில் தலை வாராத முகம்.

"கயலு, பருந்து தூக்கிடுச்சிடி. நான் இங்கதான் நின்னுக்கினு இருந்தேன். கல்லை எடுக்கறதுக்குள்ள போயிடுச்சி. உன்னுதுல ஒண்ணு. நீலம்."

நான் கயலின் முகத்தைப் பார்த்தேன். அக்காவின் பங்கில் மூன்று குஞ்சுகள் இருந்தன. ஒன்றன் நகத்தில் நீலம் தடவியிருந்தால் ஏழாயிரம் மைலுக்கு அப்பால் யாருக்கும் தெரிந்திருக்காது.

"என்னுதுல ஒண்ண உனக்குக் குடுத்துடறேன்" என்றாள் அக்கா.

"வேணாம். அது உன்னுது."

"இல்லடி, வளக்கறேன்னு வாங்கினது நான்."

"பருந்து தூக்கினா நீ என்னா பண்ணுவ?" என்றாள் கயல். திரையில் அக்காவுக்குப் பின்னால் குஞ்சுகள் கத்தின. "நீ சாப்டியா அத்தை?"

அங்கே மணி பதினொன்றரை. அக்கா காலையிலிருந்து சாப்பிட்டிருக்கவில்லை.